ஆம்ஸ்டர்டாமில் படி மிதித்த கதை

ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் நல்ல காப்பி தேடிப் புறப்படும் தமிழர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. அந்த ஊரில் 'காப்பி ஷாப்' என்று பலகை தொங்கும் இடத்தில் விற்பது கஞ்சா. 'கபே' என்று பலகை தொங்கும் இடத்தில் விற்பது மது. இரண்டு இடங்களிலும், கேட்டால், காப்பியும் கொடுப்பார்கள் என்பது வாஸ்தவந்தான். ஆனால் அதற்காக அங்கே போவது, அல்வாக் கடைக்குப் போய் ஒரு குவளைத் தண்ணீர் கேட்பதைப் போன்றது.

இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தால், என் பாட்டனாருக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை நாற்பத்தாறாவது வயதில் மீறும்படி நேர்ந்திராது.

பாட்டனார் என் தாயின் தகப்பனார். 1932-இல், இருபது வயதில், கள்ளுக்கடை மறியல் செய்து ஆறு மாதம் சிறையில் இருந்தவர். எந்தக் கடையின் முன்னால் நின்று அடிபட்டாரோ, அந்தக் கடைக்குள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது அவருக்கு மிகுந்த பெருமை. 1997-இல் நான் கல்லூரியில் சேர்ந்த அன்று என்னை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டார். "குடிக்காதே என்று உனக்குச் சொல்லப் போவதில்லை. அது எல்லாத் தாத்தாவும் சொல்லுகிற பேச்சு. குடிக்கிற இடத்தின் வாசற்படியை மிதிக்காதே. படி மிதிக்காதவன் எப்படிக் குடிப்பான்?" என்றார். அவர் கையின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டு பிடிக்க இந்த இருபத்தெட்டு வருஷமாக எனக்கு அவசியம் ஏற்பட்டதில்லை. சக ஆசிரியர்களின் பிரிவு உபசார விருந்துகளில்கூட, ஹோட்டலின் அந்தப் பகுதிக்கு வெளியே நாற்காலி போட்டுக் கொண்டு உட்கார்ந்தவன் நான்.

கோடை விடுமுறையில் இரண்டு வாரம் ஹாலந்துக்குப் போகும் பாக்கியம் மைத்துனனால் கிடைத்தது. அவன் அங்கே உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரு நாள் காலையில் ஆபீசுக்குப் புறப்படும் அவசரத்தில், "அத்தான்! இன்றைக்குக் கால்வாய்க் கரையோடு நடந்து பாருங்கள். பிரின்ஸன்கிராக்ட்டும் பிரௌவர்ஸ்கிராக்ட்டும் சேருகிற மூலையில் 'பாபனைலண்ட்' என்று ஒரு பழைய கபே இருக்கிறது. 1642-ஆம் வருஷத்துக் கடை. அங்கே ஆப்பிள் பை சாப்பிடாமல் வந்தால் அக்கா என்னை மன்னிக்க மாட்டாள்" என்று சொல்லி விட்டுப் போனான்.

1642 என்று காதில் விழுந்த பிறகு சரித்திர ஆசிரியனுக்கு மற்றதெல்லாம் எங்கே காதில் விழும்? சென்னையில் ஜார்ஜ் கோட்டைக்கு அப்போதுதான் சுவர் எழும்பிக் கொண்டிருந்தது. அதே ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் 'இரவுக் காவல்' என்ற பெரிய படத்தை அந்த வருஷந்தான் எழுதி முடித்தார். அந்த வருஷத்துக் கடையில் இன்றும் போய்ச் சாப்பிடலாம் என்றால் எவ்வளவு ஆச்சரியம்! 'கபே' என்றால் காப்பிக் கடை என்றே நினைத்துக் கொண்டேன்.

காலையில் முதலில் போனது பிரின்ஸன்கிராக்ட் 263-ஆம் எண்ணுள்ள வீட்டுக்கு. அங்கேதான் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியும் மற்ற ஏழு பேரும், வீட்டின் பின்கட்டில், புத்தக அலமாரி ஒன்றின் மறைவிலிருந்த கதவுக்கு அப்பால், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு 4-ஆம் தேதி வரையில் நாஜிகளுக்கு ஒளிந்திருந்தார்கள். எட்டுப் பேரில் பிழைத்துத் திரும்பியவர் சிறுமியின் தகப்பனார் ஒருவரே. அந்த வீட்டைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. வெளியே வந்த பிறகு அரைமணி நேரம் வரையில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக் கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்லுகிறேன். என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு. அந்த வயதுப் பெண்களைத் தினந்தோறும் பார்க்கிறவள்.

கால்வாய்க் கரையோடு வடக்கு நோக்கி நடந்தோம். ஆம்ஸ்டர்டாமின் பெரிய கால்வாய்களை 1613-இல் வெட்டத் தொடங்கினார்கள். கனவான்கள் கால்வாய், சக்கரவர்த்தி கால்வாய், இளவரசர் கால்வாய் என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அரை வட்டமாக வளைந்து போகின்றன. நாங்கள் நடந்தது இளவரசர் கால்வாய். 'பிரின்ஸன்கிராக்ட்' என்பதற்கு அதுதான் பொருள். கரையில் எல்ம் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் உயரமும் ஒடுக்கமுமான செங்கல் வீடுகள். ஒவ்வொரு வீட்டின் உச்சியிலும் ஓர் உத்தரம் தெருவை நோக்கி நீட்டிக் கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒரு கொக்கி. மாடிப்படி அவ்வளவு குறுகலாகையால், கட்டிலும் பீரோவும் கயிறு கட்டி அந்தக் கொக்கி வழியாகத்தான் ஜன்னலுக்குள் ஏறுகின்றன. வீடுகளில் பல கொஞ்சம் முன்புறமாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஒன்றன் தோளில் ஒன்று கையைப் போட்டுக் கொண்டு நிற்பவை போலிருக்கின்றன. அவற்றுக்கு அடியில் கெட்டி நிலமே கிடையாது. சேற்றில் மரக்கம்பங்களை அடித்து அவற்றின் மேல் கட்டிய ஊர் அது. 1648-இல் ஆரம்பித்த நகரமன்றம், இப்போது அரண்மனையாக இருப்பது, 13,659 கம்பங்களின் மேல் நிற்கிறது.

வடக்கத்திக் கோயிலைத் தாண்டும்போது மழை பிடித்துக் கொண்டது. அந்த ஊர் மழை நம் ஊர் மழையைப் போல் முன்கூட்டியே இடித்து மின்னி அறிவித்து விட்டு வருவதில்லை. யாரோ சல்லடையால் சலிப்பது போல் வந்து, நனைந்தது தெரிவதற்கு முன்பே எலும்பு வரையில் நனைத்து விடுகிறது. ஓடிப் போய், படிப்படியாக மேலேறும் முகப்போடு கூடிய ஒரு சின்ன மூலை வீட்டின் கதவருகில் ஒதுங்கினோம். பிரின்ஸன்கிராக்ட், 2-ஆம் எண். அதுதான் பாபனைலண்ட்!

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். பித்தளைக் குழாய்களும், அவற்றின் கீழே நுரை ததும்பும் கண்ணாடிக் கோப்பைகளும் தெரிந்தன. மைத்துனன் சொன்ன 'கபே' இன்னதென்று அப்போதுதான் விளங்கிற்று.

"இது குடிக்கிற இடம். நாம் திரும்பி விடலாம்" என்றேன்.

"மழையிலா?" என்றாள் மனைவி.

"தாத்தாவுக்குச் செய்த சத்தியம்…"

"படி மிதிக்காதே என்று தாத்தா சொன்னது உங்களை. என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை" என்று கூறி விட்டுக் கதவைத் தள்ளிக் கொண்டு உள்ளே போய் விட்டாள். முன் பின் தெரியாத ஊரில், மதுக்கடையில் மனைவி உட்கார்ந்திருக்க, புருஷன் வாசலில் நின்று நனைவது எந்த சாஸ்திரத்துக்கும் அடுக்காது. குனிந்து வாசற்படியைப் பார்த்தேன். தேய்ந்திருந்தது. மிதித்தேன்.

உள்ளே நம் வீட்டுக் கூடத்தளவுதான் இடம். தலைக்கு மேல் தாழ்ந்த மர உத்தரங்கள். சுவரில் நீலமும் வெள்ளையுமான டெல்ப்ட் ஓடுகள். உயரமான பழைய இரும்புக் கணப்பு. எத்தனையோ ஆயிரம் முழங்கைகள் உராய்ந்து வழவழத்துப் போன மரமேடை. வெளியே மத்தியானம், உள்ளே விளக்கு வைக்கும் நேரம் போன்ற மங்கிய வெளிச்சம். இம்மாதிரிக் கடைகளுக்கு அந்த ஊரில் 'பழுப்புக் கபே' என்று பெயர். தலைமுறை தலைமுறையாகக் குடித்த சுருட்டுப் புகையும் மெழுகுவர்த்திப் புகையும் சுவரிலும் கூரையிலும் ஏறி, அறை முழுவதையும் முற்றிய புளியின் நிறத்துக்குக் கொண்டு வந்து விட்டன. 2008 ஜூலையிலிருந்து கடைகளுக்குள் புகை பிடிப்பதைச் சட்டம் தடுத்து விட்டது. ஆகையால் புதிதாகக் கடை வைக்கிறவர்களுக்குப் பழுப்பு வேண்டுமானால் டப்பாவில்தான் வாங்கிப் பூச வேண்டும். இங்கே ஏறியிருப்பது நிஜப் பழுப்பு.

மேஜைகள் நெருக்கமாக இருந்தபடியால், நாங்கள் உட்காருவதற்கு நாலு பேர் எழுந்து நகர்ந்து இடம் விட வேண்டியிருந்தது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஈரக் கோட்டைக் கணப்பின் பக்கம் மாட்டச் சொல்லி ஜாடை காட்டினார்கள். காப்பியும் ஆப்பிள் பையும் வந்தன.

ஆப்பிள் பை என்பது ஒருவகை வேகவைத்த பணியாரம். உள்ளே துண்டு துண்டாக ஆப்பிள், வெளியே மாவுச்சுவர், மேலே அடித்த பாலேட்டுக் குவியல். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டன் 2011-இல் இந்தக் கடைக்கு வந்து, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, முழுப் பையையும் கட்டித் தரச் சொல்லி வாங்கிக் கொண்டு போனாராம். பெரிய மனிதர்களின் சிபாரிசில் எனக்குப் பொதுவாக நம்பிக்கை கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் அவர் கட்சியில் சேர்ந்து விட்டேன்.

மனைவி ஒரு வாய் சாப்பிட்டு விட்டு, "இது நம் பட்டை வாசனை" என்றாள்.

ஆம், லவங்கப் பட்டைதான். ஒல்லாந்தர் சமையலறையில் அது எப்படி வந்தது என்பது பெரிய கதை. 1602-இல் ஏற்பட்ட அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி, போர்த்துக்கீசியரிடமிருந்து 1640-இல் காலியையும், 1656-இல் கொழும்பையும், 1658-இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து, இலங்கையின் பட்டை முழுவதையும் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. காட்டில் பட்டை உரிக்கும் வேலை பரம்பரையாக விதிக்கப்பட்ட ஜனங்களைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கிற்று. அதே 1658-இல்தான் நம் நாகப்பட்டினமும் அவர்கள் கைக்குப் போயிற்று. அதற்கு முன்பே, 1613-இல், அதாவது இந்தக் கால்வாய்களை வெட்டத் தொடங்கிய வருஷத்திலேயே, பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியிருந்தார்கள். சோழ மண்டலக் கரையில் நெய்த துணியைக் கொண்டு போய்க் கீழ்த்திசைத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கி, அவற்றை இங்கே கொண்டு வந்து விற்றார்கள். ஜாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளில் 1621-இல் அவர்கள் நடத்திய படுகொலையில் அந்தத் தீவுகளின் பூர்வகுடிகள் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். என் மாணவர்களைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போய், அங்கே மணலிடையே நிற்கும் ஒல்லாந்தர் கல்லறைகளைக் காட்டியிருக்கிறேன். அந்தக் கணக்கின் மறு பக்கம் இந்தக் கால்வாய் வீடுகள் என்பது பாடப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் வாயில் ஆப்பிள் பையோடு அதை நினைத்துப் பார்ப்பது வேறு விஷயம். "சாப்பிடும்போது பாடம் நடத்தாதீர்கள்" என்றாள் மனைவி. மிச்சத்தையும் சாப்பிட்டு விட்டேன் என்பதை ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன்.

மரமேடையின் மூலையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிருக்கும். டிராம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. நல்ல ஆங்கிலம் பேசினார். எங்கள் பக்கம் திரும்பி, "சுரங்கத்தைப் பற்றி யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

'பாபனைலண்ட்' என்றால் 'போப்பின் ஆட்களுடைய தீவு' என்று பொருள். கொஞ்சம் கேலியான பெயர். 1578-இல் ஆம்ஸ்டர்டாமின் ஆட்சி புராட்டஸ்டண்டுகளின் கைக்கு மாறியது. அது முதல் கத்தோலிக்கர்கள் பகிரங்கமாக வழிபாடு செய்யக் கூடாதென்று ஏற்பட்டது. கடைக்கு எதிரே, கால்வாயின் அக்கரையில், அவர்களுடைய இரகசியக் கோயில் ஒன்று இருந்ததாம். இந்தக் கடையின் நிலவறையில் இறங்கி, கால்வாய்க்கு அடியில் சென்ற ஒரு சுரங்கத்தின் வழியாக, பக்தர்கள் அங்கே பூஜைக்குப் போவார்களாம். முதல் முதலில் கடை வைத்தவர் சவப்பெட்டி செய்கிற தச்சர் என்றும், துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பீர் ஊற்றிக் கொடுத்தே வியாபாரம் வளர்ந்ததென்றும் இன்னொரு கதை.

"சுரங்கம் இருந்தது உண்மைதானா?" என்று கேட்டேன்.

கிழவர் தோளைக் குலுக்கினார். "இந்த ஊரில் முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர். கால்வாய்க்கு அடியில் சுரங்கம் போட்டவன் இருந்தால், அவனுக்கல்லவா ஒரு கோயில் கட்டியிருக்க வேண்டும்?" என்றார்.

சுரங்கம் பொய்யாக இருக்கலாம். இரகசியக் கோயில்கள் பொய்யல்ல. யான் ஹார்ட்மன் என்ற வியாபாரி மூன்று வீடுகளின் பரண்களை ஒன்றாக்கி, 1663-இல் முடித்த முழுக் கோயில் ஒன்று, பலிபீடமும் மாடங்களுமாக, இன்றும் அந்த நகரத்தில் இருக்கிறது. 1888 முதல் அது பொருட்காட்சிச் சாலை. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடுதான். ஆட்சியாளர்களுக்கு இது தெரியாதென்று நினைத்து விடாதீர்கள். ஊரறிந்த இரகசியம். தெருவிலிருந்து பார்த்தால் தெரியக் கூடாது, அவ்வளவுதான். ஒல்லாந்தர் பாஷையில் இதை 'விரலிடுக்கு வழியாகப் பார்ப்பது' என்பார்கள். நாம் 'கண்டும் காணாமல் இருப்பது' என்கிறோம். காப்பி ஷாப்பில் கஞ்சா விற்பதும் இந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. சட்டப்படி குற்றம், விரலிடுக்கு வழியாகப் பார்க்கிறார்கள்.

அதுவரையில் பேசாமலிருந்த என் மனைவி, "காலையில் நாங்கள் அந்த 263-ஆம் எண் வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தக் குழந்தைக்கு இந்தச் சுரங்கம் கிடைத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

கிழவர் சிரிப்பை நிறுத்தினார். கோப்பையை மேஜையில் வைத்து மெள்ளச் சுற்றினார். "அப்போது எல்லாரும் விரலைச் சேர்த்துக் கண்ணை மூடிக் கொண்டார்கள்" என்றார். சற்றுப் பொறுத்து, "எல்லாரும் அல்ல" என்று திருத்தினார். 1941 பிப்ரவரி 24-ஆம் தேதி மாலை, நாங்கள் மழையில் தாண்டி வந்த அதே கோயில் சந்தை மைதானத்தில்தான் தொழிலாளர் கூட்டம் போட்டு, யூதர்களைப் பிடித்துக் கொண்டு போவதைக் கண்டித்து வேலை நிறுத்தம் செய்வதென்று தீர்மானித்தார்கள். மறுநாள் காலையில் டிராம் வண்டிகள் நின்றன; ஊரே நின்றது. இரண்டு நாளில் ஜெர்மானியர் அதைத் துப்பாக்கியால் அடக்கி விட்டார்கள். பிறகு ஹாலந்திலிருந்து கொண்டு போகப்பட்ட யூதர்கள் சுமார் 1,07,000 பேர். திரும்பி வந்தவர்கள் ஏறக்குறைய 5,000.

பேச்சை மாற்றுவதற்காகவே என்று நினைக்கிறேன், கிழவர் எனக்கு ஒரு 'யெனேவர்' வாங்கித் தருவதாகச் சொன்னார். யெனேவர் என்பது தானியத்தில் வடித்து, ஜூனிப்பர் என்ற ஒருவகைக் காயின் வாசனை ஏற்றிய சாராயம். இங்கிலீஷ்காரர்களின் 'ஜின்' இதன் குழந்தைதான். அதைக் குடிக்கும் சம்பிரதாயம் வெகு வேடிக்கையானது. சிறு கிண்ணத்தில், விளிம்புக்கு மேலும் ஒரு நூலளவு உப்பி நிற்கும்படியாக ஊற்றுகிறார்கள். தொட்டால் சிந்தி விடும். ஆகையால் முதல் வாயைக் கையால் எடுக்காமல், கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு, குனிந்து உறிஞ்ச வேண்டும். பக்கத்தில் ஒரு கோப்பைப் பீரையும் வைத்துக் கொண்டால் அதற்குத் 'தலைமுட்டு' என்று பெயர். கிழவர் செய்து காட்டினார். சந்நிதியில் குனிந்து தீர்த்தம் வாங்கும் பக்தரைப் போலவே இருந்தது.

நான் கை கூப்பி மறுத்தேன். காரணமும் சொன்னேன்: பாட்டனார், மறியல், சிறை, சத்தியம், படி, மழை. பாதிக் கதையில் அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"என் பாட்டியும் வாசலில்தான் நின்றாள்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவளும் கடைக்குள் போனதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கூலி நாள். பாட்டனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். வீட்டுக்கு வருவதற்குள் வழியிலே ஏழெட்டுக் கடைகள். பாட்டி இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு குழந்தையுமாக முதல் கடையின் வாசலில் போய் நிற்பாள். அவர் கையிலிருந்து கூலியை வாங்கிக் கொண்ட பிறகுதான் வழி விடுவாள். பிந்திப் போனால் அந்த வாரம் அடுப்பெரியாது. என் தாயார்தான் அந்தக் கைக்குழந்தை."

இந்தக் கடைக்குப் பின்னால் பரந்திருக்கும் பேட்டைக்கு யோர்டான் என்று பெயர். இப்போது அங்கே வீடு வாங்கப் பெரிய பணக்காரராக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டிகள். 1900-ஆம் வருஷ வாக்கில் அந்தச் சின்னப் பேட்டையில் ஏறக்குறைய 80,000 பேர் அடைந்து கிடந்தார்கள். இன்று இருப்பவர்கள் அதில் நாலில் ஒரு பங்குதான். ஓர் அறையில் ஒரு குடும்பம். அதே அறையில் சமையல், பிரசவம், சாவு. கால்வாயே சாக்கடை. குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லாத ஊர் அது. பழைய நாளில் குழந்தை முதல் கிழவர் வரையில் மெல்லிய பீரைக் குடித்ததற்குக் காரணம் அதுதான். இந்தக் கடையை ஒட்டிய 'பிரௌவர்ஸ்கிராக்ட்' என்பதற்குப் பீர் வடிப்போர் கால்வாய் என்று அர்த்தம். அவர்களே நல்ல தண்ணீரை வெளியூரிலிருந்து படகில் கொண்டு வந்துதான் பீர் வடித்தார்கள். 1853 டிசம்பரில்தான் கடலோர மணற்குன்றுகளிலிருந்து குழாய் வழியாக நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. இங்கிருந்து சற்று நடந்தால் வரும் ஹார்லெம் வாசலில், வாளி ஒன்று ஒரு செண்டு என்று விற்றார்கள். அந்த ஒரு செண்டும் இல்லாதவர்கள் பலர்.

அந்த வாழ்க்கைக்கு மறதி வேண்டியிருந்தது. மறதி யெனேவர் உருவத்தில் மலிவாகக் கிடைத்தது. தெருவுக்குத் தெரு கடை. குடியை எதிர்த்து அங்கேயும் சங்கங்கள் தோன்றின. பாதிரிமார்கள் மட்டுமல்ல, தொழிலாளர் தலைவர்களும் அதில் சேர்ந்தார்கள். சமதர்மத் தலைவர் டோமேலா நியூவென்ஹூயிஸ் தாமே மதுவை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். 1881-இல் முதல் மதுச் சட்டம் வந்தது. ஜனத்தொகைக்கு இவ்வளவு கடைதான் என்று வரம்பு கட்டி, தெருவில் குடிபோதையில் திரிவதைக் குற்றமாக்கிற்று. ஆனால் வறுமைக்கு யாரும் வரம்பு கட்டவில்லை. 1886 ஜூலையில், இந்தக் கடைக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள லிண்டன்கிராக்ட்டில், கால்வாயின் குறுக்கே கட்டிய கயிற்றில் உயிருள்ள விலாங்கு மீனைத் தொங்க விட்டுப் படகிலிருந்து இழுக்கும் கொடிய விளையாட்டொன்றைப் போலீஸார் தடுக்கப் போக, கலகம் மூண்டு, பட்டாளம் சுட்டு, 26 பேர் இறந்தார்கள். ஒரு மீனுக்காகவா அவ்வளவு கோபம்? அந்தப் பேட்டையின் கோபம் அதற்கு முன்பே கொதித்துக் கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துச் சேர்த்துக் கொண்டது. அப்போது கிழவர் சொன்னது இரண்டு வார்த்தைதான். நான் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு தாயும் மகளும் ஒரே பையை இரண்டு கரண்டியால் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். ஒருவர் பத்திரிகை படித்தார். நாலு பேர் சீட்டாடினார்கள். இரண்டு கோப்பைக்கு மேல் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பாட்டனார் சொன்ன கள்ளுக்கடையை, அதன் வாசலில் விழுந்து கிடந்த மனிதர்களை, தாலியைக் கழற்றிக் கொடுத்த பெண்களை, இந்த அறையில் எங்கே தேடுவது? ஆனால் அறை அதே அறைதான். குழாய் அதே குழாய்தான். கிழவரின் பாட்டி நின்றதும் இப்படி ஒரு கதவுக்கு வெளியேதான். என் பாட்டனார் 1880-இல் யோர்டானில் பிறந்திருந்தால் அவரும் அவள் பக்கத்திலேயே நின்றிருப்பார், சந்தேகமில்லை.

"பின்னே நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள்?" என்று கேட்டு விட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்கக் கூடாதென்று பட்டது.

அவர் கோபித்துக் கொள்ளவில்லை. "மனைவி போய் ஆறு வருஷமாயிற்று. வீட்டில் ஒரு நாற்காலி போதும். இங்கே வந்தால் நகர்ந்து இடம் விட நாலு பேர் இருக்கிறார்கள். இதற்கு எங்கள் பாஷையில் ஒரு சொல் உண்டு" என்று சொல்லி, தொண்டையில் மீன் முள் சிக்கியதைப் போன்ற ஒரு சப்தத்துடன், "கெஸெல்லிக்!" என்றார். நான் மூன்று தடவை முயன்றேன். சீட்டாடியவர்கள் ஆட்டத்தை நிறுத்தி விட்டு எனக்கு உச்சரிப்புப் பாடம் நடத்தினார்கள். ஆசிரியனுக்கு இதைவிட வேறென்ன தண்டனை வேண்டும்?

அந்தச் சொல்லை வேறு பாஷையில் பெயர்க்க முடியாதென்று ஒல்லாந்தர்களுக்குக் கர்வம். கதகதப்பு, இணக்கம், களை கட்டியிருத்தல் எல்லாம் அதில் அடக்கம். சொல்லின் வேர் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'கெஸெல்' என்றால் தோழன். இன்னும் தோண்டிப் பார்த்தால், ஒரே கூடத்தில் சேர்ந்து வசிப்பவன். தோழமைக்கு அந்தப் பாஷை கண்ட இலக்கணம் ஒரு கூரையும் நாலு சுவரும்.

மழை நின்றிருந்தது. ஈரம் உலர்ந்த கோட்டை எடுத்து மாட்டிக் கொண்டோம். கிழவர் இரண்டாவது கிண்ணத்தின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு குனிந்திருந்தார். எங்களைப் பார்ப்பதற்காகப் பாதியில் நிமிர்ந்து, மீசையில் ஒரு துளியுடன் தலையசைத்தார். மைத்துனனுக்கென்று ஒரு துண்டு பை கட்டி வாங்கிக் கொண்டாள் என் மனைவி.

அன்றிரவு ஊருக்கு டெலிபோனில் பேசியபோது, தாயாரிடம் ஒன்று விடாமல் ஒப்புக் கொண்டேன். படி மிதித்தது, காப்பி குடித்தது, பை தின்றது, கிழவரின் பாட்டி கதை எல்லாவற்றையும் சொன்னேன். தாயார் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"தாத்தா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார், அம்மா? சத்தியம் தவறி விட்டேனே?" என்றேன்.

"படியை மிதித்ததற்காக அப்பா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மழைக்கு ஒதுங்கினாய், சரி. ஒரு மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாயே, ஒருவனையாவது குடிக்காதே என்று தடுத்தாயா? அதைத்தான் கேட்டிருப்பார்" என்றாள் அம்மா.